கடைமடைக்கும் தண்ணீர் வந்தது எப்படி?

1956-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 8. பெல்ஜியம் நாட்டில் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கம். காலை எட்டு மணி. கரி ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று தூக்குக் கூண்டுக்குள் சரியாக ஏறாமல் துருத்திக்கொண்டு நின்றது. அது தெரியாமல் கூண்டு மேலே கிளம்பிவிட்டது. துருத்தி நின்ற வண்டி எண்ணெய்க் குழாயை உடைத்தது. மின்சாரக் கம்பியை அறுத்தது. பற்றியது நெருப்பு! பாதாளமெங்கும் பரவியது புகை!

சுரங்கத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே மனைவிமார் நின்றார்கள். இடுப்பிலே குழந்தை, கண்ணிலே நீர். ஒரு நாள் நின்றார்கள். இரண்டு நாள் நின்றார்கள். இரண்டு வாரம் நின்றார்கள். கடைசியில், அடிமட்டம் வரை இறங்கிப் பார்த்து வந்த மீட்புத் தொழிலாளி இத்தாலிய மொழியிலே இரண்டே சொல் சொன்னார்: "அத்தனையும் பிணங்கள்."

மாண்டவர்கள் 262 பேர். அவர்களில் 136 பேர் இத்தாலியர்.

பெல்ஜியத்துச் சுரங்கத்தில் இத்தாலியனுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். 1946-இல் இரு அரசாங்கங்களும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. போரிலே நொறுங்கிய இத்தாலியிடம் ஆள் இருந்தது, கரி இல்லை. பெல்ஜியத்திடம் கரி இருந்தது. குழிக்குள் இறங்க ஆள் இல்லை. இத்தாலி 50,000 தொழிலாளிகளை அனுப்புவது. பெல்ஜியம் அதற்கு ஈடாக நிலக்கரி விற்பது. இதுதான் பேரம். மனிதனுக்கு விலை கரிக் கணக்கிலே! வந்தவர்களைக் குடிவைத்தது எங்கே தெரியுமா? போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த தகரக் கொட்டகைகளிலே!

இன்றைக்கு ஓர் இத்தாலியத் தொழிலாளி பெல்ஜியத்துக்கு வேலைக்குப் போனால் நிலைமை வேறு. அவன் வேலை அனுமதிச் சீட்டுக்காக எவன் வாசலிலும் கைகட்டி நிற்பதில்லை. பக்கத்திலே நிற்கும் பெல்ஜியனுக்கு என்ன கூலியோ அதே கூலியைக் கேட்கும் உரிமை அவனுக்குச் சட்டப்படி உண்டு. யூனியனில் சேரலாம், யூனியன் தேர்தலில் நிற்கலாம். நோய் வந்தால் வைத்தியம், வயதானால் பென்ஷன். 

கரிக்கு ஈடாக மனிதனைக் கொடுத்த காலத்திற்கும் இந்தக் காலத்திற்கும் நடுவே நடந்தது என்ன? அதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை. அந்தக் கதையைப் பாங்கிக்காரர்கள் ஒரு மாதிரி சொல்வார்கள். பெருமுதலாளிகள் ஒரு மாதிரி சொல்வார்கள். நாம் அதை உழைக்கிறவன் பக்கத்திலிருந்து பார்ப்போம், தோழர்களே!

கரியும் இரும்பும் கைகோத்த கதை

பிரான்சும் ஜெர்மனியும் எழுபத்தைந்து ஆண்டுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட பகையாளிகள். அந்தப் பகைக்குத் தீனி போட்டவை கரியும் எஃகும். பீரங்கி செய்யவும் அவைதான், பிழைப்புக்கும் அவைதான். 1950 மே 9-ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ரோபேர் ஷூமான் ஒரு திட்டத்தை அறிவித்தார். இரு நாட்டுக் கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம். விரும்பும் நாடுகள் சேரலாம் என்றார். 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டன: பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்.

சந்தை திறந்தால் என்ன ஆகும்? மலிவாக வெட்டும் சுரங்கம் வாழும்; செலவு பிடிக்கும் சுரங்கம் மூடும். முதலாளிக்கு அது கணக்குப் புத்தகத்திலே ஒரு வரி. தொழிலாளிக்கோ அது அடுப்பிலே நெருப்பு! இதை அறிந்தே அந்த உடன்படிக்கையில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. புதிய ஏற்பாட்டினால் வேலை இழப்பவனுக்கு மறுவேலை கிடைக்கும்வரை உதவிப் பணம்; வேறு தொழில் கற்கப் பயிற்சி; வேறு ஊர் போனால் போக்குவரத்துச் செலவு. இதற்குப் பணம் எங்கிருந்து? வெட்டியெடுக்கும் கரியின் மீதும் வார்க்கும் எஃகின் மீதும் போட்ட வரியிலிருந்து! பதினைந்து ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வீடுகளுக்கு அந்தப் பொது அமைப்பு கடன் உதவி செய்தது.

ஆனால் சுரங்கப் பாதுகாப்பு? அது அவரவர் நாட்டு விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். விட்டதன் விலைதான் மார்சினெல். 262 பிணங்கள் விழுந்த பிறகே ஆறு நாடுகளும் கூடி உட்கார்ந்தன. 1957-இல் சுரங்கப் பாதுகாப்புக்கென்று நிலையான பொதுக் குழு அமைந்தது. இதிலே ஒரு பாடம் இருக்கிறது. சந்தையைப் பொதுவாக்குவது பேனாவின் வேலை. ஒரு நாளில் முடிந்துவிடும். உழைப்பவனுக்குக் காப்பைப் பொதுவாக்குவதோ போராட்டத்தின் வேலை. ஒன்று செய்தால் மற்றொன்று தானே வந்து சேராது!

தலைமடையும் கடைமடையும்

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டி ஆற்றைத் திறந்துவிட்டால் எல்லா நிலத்துக்கும் தண்ணீர் பாய்ந்துவிடுமா? தலைமடைக்காரன் வயல் நிறையும், நிறைந்து வழியும். கடைமடைக்காரன் வரப்பிலே நின்று வானத்தைப் பார்ப்பான். கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டுமானால் முறை வைக்க வேண்டும். மடையை அடைக்கவும் திறக்கவும் ஆள் வேண்டும். முறை தவறியவனைத் தட்டிக் கேட்க ஊர்க் கட்டுப்பாடு வேண்டும். சந்தையும் அப்படித்தான்.

1957 மார்ச் 25-இல் அதே ஆறு நாடுகளும் ரோமாபுரியிலே புதிய உடன்படிக்கை செய்தன. கரி, எஃகு மட்டுமல்ல, எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே சந்தை என்றன. அன்றைக்குக் கடைமடை எது? இத்தாலியின் தென்பகுதி. சிசிலி, கலாப்ரியா, பசிலிக்காட்டா. வடக்கே மிலானிலும் துரினிலும் தொழிற்சாலைப் புகை. தெற்கே வறண்ட பூமி, வட்டிக் கடன், வெளியூர் ரயில். ஆகவே உடன்படிக்கையிலேயே இத்தாலி மூன்று ஏற்பாடுகளைக் கேட்டு வாங்கியது. பின்தங்கிய பகுதிக்குக் கடன் கொடுக்க ஒரு முதலீட்டு வங்கி. தொழிலாளியின் பயிற்சிக்கு ஒரு சமூக நிதி. எந்த நாட்டிலும் போய் வேலை செய்யும் உரிமை.

அடுத்த ஆண்டே, 1958-இல், இந்தப் புதிய சமூகம் இயற்றிய மூன்றாவது விதி என்ன தெரியுமா? வெளிநாடு போய் உழைக்கும் தொழிலாளியின் சமூகப் பாதுகாப்பு பற்றியது! ஒரு சிசிலிக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு சொந்த ஊரிலே, பதினைந்து ஆண்டு பெல்ஜியத்திலே, எட்டு ஆண்டு ஜெர்மனியிலே உழைத்தான். பழைய காலமாக இருந்தால், ஒவ்வொரு நாடும் "உன் ஆண்டுகள் போதவில்லை" என்று கைவிரித்திருக்கும். முப்பத்து மூன்று ஆண்டு உழைத்தவனுக்கு மூன்று நாட்டிலும் நாமம்! புதிய விதியோ ஆண்டுகளைக் கூட்டச் சொன்னது. ஒவ்வொரு நாடும் தன் தன் பங்குக்குப் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. பெரிய வார்த்தை எதுவுமில்லாத சிறிய விதி. ஆனால் எத்தனை கிழவர்களின் சோற்றுத் தட்டை அது காத்திருக்கிறது!

1968-இல் இன்னொரு விதி வந்தது. கூலி, வேலை நிலைமை, யூனியன் உரிமை எதிலும் அயல்நாட்டுத் தொழிலாளி என்று பேதம் பார்க்கக்கூடாது என்றது. இது அயலானுக்குச் செய்த தருமமா? இல்லை! உள்ளூர்த் தொழிலாளிக்கும் அதுதான் காவல். அயலானை அரைக்கூலிக்கு வைத்துக்கொள்ள விட்டால், நாளைக்கு உள்ளூரானின் கூலியும் அரையாகிவிடும் அல்லவா?

தூங்கிய சட்டத்தைத் தட்டி எழுப்பியவர்கள்

ரோமாபுரி உடன்படிக்கையில் 119-ஆம் பிரிவு என்று ஒன்று. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அது சொன்னது. எழுதியவர்கள் பெண்ணுக்காக உருகி எழுதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சுச் சட்டத்தில் சமகூலி ஏற்கனவே இருந்தது. மற்ற நாட்டு முதலாளிகள் பெண்களை மலிவாக வைத்து எங்கள் சரக்கை அடித்துவிடுவார்களே என்று பிரெஞ்சுக்காரர்கள் அஞ்சினார்கள், அதனால் சேர்க்கப்பட்டது. சேர்த்தார்கள், தூங்கவிட்டார்கள். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பல வருஷம்!

1966 பிப்ரவரி 16. பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலை. எண்ணெயும் பிசுக்கும் அப்பிய இயந்திரங்களின் முன் நின்று உழைத்த சுமார் 3,000 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அவர்கள் கையிலே பிடித்த ஆயுதம் அந்த 119-ஆம் பிரிவு! பன்னிரண்டு வாரம் நின்றார்கள். மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டார்கள், 2.75 பிராங்க் பெற்றார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் ஏட்டிலே கிடந்த எழுத்துத் தெருவுக்கு வந்துவிட்டது!

அடுத்து வந்தது வழக்கு. காப்ரியேல் டிஃப்ரென் என்ற பெல்ஜிய விமானப் பணிப்பெண், அதே வேலை செய்த ஆணைவிடத் தனக்குக் கூலி குறைவு என்று நீதிமன்றம் ஏறினார். நாற்பது வயதானால் பெண்ணுக்கு வேலை முடிந்தது என்பது அன்றைய ஒப்பந்தம். ஆணுக்கு அந்த விதி இல்லை! 1976 ஏப்ரல் 8-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 119-ஆம் பிரிவு வெறும் வாக்குறுதியல்ல, எந்தத் தொழிலாளியும் தன் நாட்டு நீதிமன்றத்தில் நேராகக் காட்டிக் கேட்கக்கூடிய உரிமை. சட்டம் எழுதினால் போதாது, அதைத் தட்டி எழுப்பவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அழுத பிள்ளை பால் குடித்தது

1973-இல் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் சேர்ந்தன. அயர்லாந்து அன்று ஏழை. தலைக்கு வருமானம் மற்றவர்களின் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பிரிட்டனிலோ பழைய தொழில்கள் நசிந்து கிடந்த வட்டாரங்கள் பல. அவர்களும் இத்தாலியும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். அதன் பயனாக 1975-இல் பின்தங்கிய வட்டாரங்களின் வளர்ச்சிக்கென்றே தனி நிதி பிறந்தது. ஆரம்பத்தில் சின்னத் தொகைதான். அரசாங்கங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு போய்விட்டன.

1981-இல் கிரீஸ், 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும். மூன்றும் சர்வாதிகாரத்தின் பிடியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நாடுகள். மூன்றும் ஏழை நாடுகள். அதே நேரத்தில் எல்லா எல்லைத் தடைகளையும் 1992-க்குள் அகற்றுவது என்ற பெரிய திட்டத்தைப் பணக்கார நாடுகள் கொண்டுவந்தன. "உங்கள் சரக்குக்கு எங்கள் வாசலைத் திறக்கிறோம், எங்கள் ஊருக்குச் சாலை எங்கே, துறைமுகம் எங்கே, பள்ளி எங்கே?" என்று தெற்கத்திய நாடுகள் கேட்டன. நியாயமான கேள்வி!

அன்று தலைமை நிர்வாகத்தில் இருந்தவர் ழாக் தெலோர் என்ற பிரெஞ்சுக்காரர். தொழிற்சங்க இயக்கத்திலிருந்து வந்தவர். 1988-இல் வட்டார நிதிகளை 1993-க்குள் இரண்டு மடங்காக்குவது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டிலே போய்ப் பேசினார். சந்தை மட்டும் போதாது, தொழிலாளிக்குச் சமூக உரிமையும் வேண்டும் என்று வாக்களித்தார். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் யூனியன்கள் எழுந்து நின்று கைதட்டின. பொது நாணயம் வேண்டும் என்று 1992-இல் பேச்சு வந்தபோது, ஸ்பெயின் பிரதமர் பெலிப்பே கொன்சாலெஸ் மேசையைத் தட்டினார். அதனால் வருமானம் சராசரியில் நூற்றுக்கு 90-க்குக் கீழே உள்ள நாடுகளுக்கென்று இன்னொரு நிதியும் பிறந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

இந்த முறை எப்படி நடக்கிறது? தலைக்கு வருமானம் ஒன்றியச் சராசரியில் நூற்றுக்கு 75-க்குக் கீழே உள்ள வட்டாரம் முதல் வரிசை. அங்கே ஒரு வேலைக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு 85 வரை ஒன்றியம் தரும்; மீதியை அந்த நாடு போட வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதில்லை, ஏழாண்டுக்குத் திட்டம். ஒன்றியப் பணம் வருகிறதே என்று நாட்டு அரசாங்கம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளக்கூடாது. கண்காணிக்கும் குழுவில் உள்ளூர் மன்றத்தாரோடு தொழிற்சங்கத்தாரும் உட்காருகிறார்கள். 2021 முதல் 2027 வரை இதற்கு ஒதுக்கியது சுமார் 39,200 கோடி யூரோ. ஒன்றிய பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

பலன்? கிரீஸிலே கொரிந்து வளைகுடாவைத் தோணியிலே கடந்தவர்கள், 2004 முதல் ரியோன்–ஆந்திரியோன் பாலத்திலே கடக்கிறார்கள். லிஸ்பன் நகரத்து வாஸ்கோடகாமா பாலம் அந்த நிதியின் துணையோடு 1998-இல் எழுந்தது. 2004-இல் போலந்து சேர்ந்தபோது அதன் தலை வருமானம், விலைவாசியையும் கணக்கில் கொண்டு பார்த்தால், சராசரியில் பாதிதான். 2023-க்குள் நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டது. அயர்லாந்து சராசரியையே தாண்டிவிட்டது. ஆனால் அயர்லாந்துக் கணக்கிலே அந்நியக் கம்பெனிகளின் லாபமும் கலந்திருக்கிறது. அதை அப்படியே ஐரிஷ்காரன் வீட்டுக்கு வந்த பணம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம்மவர்களுக்கும் இதிலே ஒரு தொடர்பு உண்டு. இந்து மகா சமுத்திரத்திலே ரீயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது. 1946 முதல் அத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டம்; ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு வட்டாரம். வருமானம் 75-க்குக் கீழே என்பதால் அதற்கும் முதல் வரிசைப் பங்கு போகிறது. கங்காணியின் பிரம்படியிலே கரும்பு வெட்டியவனின் கொள்ளுப்பேரனுக்கு, பாரிஸ்காரனுக்கு உள்ள அதே பிரயாண உரிமை, அதே வேலை உரிமை!

விடுமுறையும் ஓர் உரிமை

பாலமும் சாலையும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. வாரத்துக்குச் சராசரி 48 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஆண்டுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1993-இல் ஒன்றியம் கட்டளை போட்டது. தொழிற்புரட்சியின் தாய்நாடு என்று பெருமை பேசும் பிரிட்டனிலே, 1998 வரை எல்லாத் தொழிலாளிக்கும் பொதுவான சம்பள விடுமுறைச் சட்டமே கிடையாது! இந்தக் கட்டளையினால்தான் வந்தது. அப்போதும் ஒரு குறும்பு: பதின்மூன்று வாரம் தொடர்ந்து வேலை பார்த்தவனுக்கே விடுமுறை என்று விதி வைத்தார்கள். குறுகிய கால வேலைக்காரன் என்ன செய்வான்? சினிமா, ஒலிபரப்புத் தொழிலாளர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2001-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. முதல் நாள் தொட்டே உரிமை உண்டு என்றது.

இன்னும் சின்னச் சின்னச் செய்திகள். வெளிநாட்டிலே கைப்பேசியில் பேசினால் கொள்ளைக் கட்டணம் பிடுங்கும் வழக்கம் 2017 ஜூன் 15-இல் ஒன்றியத்துக்குள் ஒழிந்தது. பயணம் போன இடத்தில் நோய் வந்தால், ஒரே அட்டையைக் காட்டி அந்நாட்டுக்காரனுக்குள்ள அதே வைத்தியம் பெறலாம். லாரி ஓட்டுபவன் எல்லைச் சாவடியிலே மணிக்கணக்கில் காய்ந்து கிடந்த காலம் போயிற்று. பணக்காரனுக்கு இவையெல்லாம் அற்பம்; எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவனுக்கு அற்பமல்ல.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

பாராட்டை மட்டும் பாடிவிட்டுப் போனால் அது விளம்பரம், கட்டுரையல்ல. குறைகளையும் சொல்ல வேண்டும்.

2010-இல் கிரீஸ் கடனிலே மூழ்கியது. கைகொடுத்தவர்கள் கழுத்தையும் பிடித்தார்கள். 2012-இல் குறைந்தபட்சக் கூலியை நூற்றுக்கு 22 வெட்டச் செய்தார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு நூற்றுக்கு 32! 2013-இல் வேலையில்லாதவர் நூற்றுக்கு 27-க்கு மேல். பாலம் கட்டிக் கொடுத்த அதே கைதான் பானையையும் கவிழ்த்தது. நாணயத்தைப் பொதுவாக்கினார்கள்; கஷ்டகாலத்துக்குப் பொதுவான பெட்டியை உரிய காலத்தில் வைக்கவில்லை. அந்தத் தவற்றின் விலையைக் கொடுத்தவன் ஏதென்ஸ் நகரத்துத் தொழிலாளி.

ஸ்வீடனிலே லாட்விய நாட்டுக் கம்பெனி ஒன்று, பள்ளிக் கட்டட வேலைக்குத் தன் ஆட்களைக் குறைந்த கூலிக்குக் கூட்டிவந்தது. ஸ்வீடன் கட்டடத் தொழிலாளர் சங்கம் மறியல் செய்தது. 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் மறியல் செல்லாது என்றது! யூனியன்கள் கொதித்தன. பதினோராண்டு வாதாடிய பிறகு, 2018-இல்தான் ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் திருத்தப்பட்டது.

போகும் உரிமை வந்ததும் ஏழை நாட்டு இளைஞர்கள் போய்விட்டார்கள். லாட்வியாவிலும் லித்துவேனியாவிலும் பல்கேரியாவிலும் 1990-க்குப் பிறகு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஊரிலே கிழவனும் கிழவியும் பூட்டிய வீடும்! இத்தாலியின் தெற்கோ, இத்தனை ஆண்டு நிதி பாய்ந்த பிறகும், வடக்குக்கு ஈடாகவில்லை. பணம் போனது உண்மை. வழியிலே எத்தனை கை நனைந்தது என்பதும் உண்மை.

எப்வேல் சொல்லும் பாடம்

எல்லாவற்றிலும் பெரிய பாடம் வேல்ஸ் நாட்டு எப்வேல் என்ற ஊரில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியாகத் தொடங்கி, பிரிட்டனின் இலவச வைத்திய முறையை நிறுவிய அனூரின் பெவான் முப்பது ஆண்டுக்கு மேல் பிரதிநிதியாக இருந்த தொகுதி அது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர் உழைத்த எஃகு ஆலை அங்கே இருந்தது. 2002-இல் அந்த ஆலை மூடியது. வட்டாரம் ஒன்றியத்தின் முதல் வரிசைப் பட்டியலில் இருந்தது, பணம் வந்தது. பணி நடந்த இடங்களிலே பன்னிரண்டு நட்சத்திரம் பொறித்த பலகைகள் நின்றன.

2016 ஜூன் 23-இல் பிரிட்டன் ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று வாக்கெடுப்பு. எப்வேல் அடங்கிய வட்டாரத்தில் நூற்றுக்கு 62 பேர் விலகுவோம் என்று வாக்களித்தார்கள்! இங்கிலாந்தின் மேற்கு முனையில், அதே நிதியைப் பெற்ற கார்ன்வாலிலும் விலகலே வென்றது. நன்றி கெட்டவர்கள் என்று லண்டன் பத்திரிகைக்காரர்கள் சிலர் ஏசினார்கள்.

நன்றி கெட்டவர்களா? யோசித்துப் பாருங்கள், தோழர்களே! ஆலை இருந்த இடத்துக்குச் சாலை வந்தது. ஆலை கொடுத்த கூலி வரவில்லை. பலகையிலே நட்சத்திரம் இருந்தது. வீட்டிலே வேலையில்லாத மகன் இருந்தான். "இது உன் உரிமை, இதை இன்னின்னார் போராடி வாங்கினார்கள், இதை இப்படிச் செலவு செய்யலாமா என்று நீ சொல்" என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் வந்த தண்ணீர் யார் வாய்க்காலிலிருந்து வந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. லண்டன் அரசாங்கம் 2022-இல் தன் சொந்த நிதி ஒன்றை முதலில் மூன்றாண்டுக்கு என்று அமைத்தது. அளவைத் தீர்மானிப்பது லண்டன். காலத்தைத் தீர்மானிப்பது லண்டன். முன்பு, 75-க்குக் கீழே இருந்தால் பங்கு உண்டு என்பது எழுதப்பட்ட விதி. இப்போது மந்திரி மனம் வைத்தால் உண்டு. விதியால் வருவது உரிமை. மனம் வைத்து வருவது சலுகை. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள தூரம், சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள தூரம்!

எதைக் கொண்டு அளப்பது?

ஐரோப்பிய ஒன்றியம் சொர்க்கமும் அல்ல, நரகமும் அல்ல. 27 நாடுகள் சேர்ந்து வெட்டிய பெரிய வாய்க்கால். முதலாளிக்கு அதிலே தண்ணீர் தானாகவே பாய்ந்தது. சந்தை அவனுக்காகவே தலைமடையிலே திறந்திருந்தது. தொழிலாளிக்கும் பின்தங்கிய வட்டாரத்துக்கும் தண்ணீர் பாய்ந்த இடத்திலெல்லாம், பின்னே ஒரு கை இருந்தது. மார்சினெல் விதவையின் கண்ணீர் இருந்தது. ஹெர்ஸ்டால் பெண்களின் பன்னிரண்டு வாரப் பட்டினி இருந்தது. நீதிமன்றம் ஏறிய சங்கம் இருந்தது. மேசையைத் தட்டிய ஏழை நாடு இருந்தது. அந்தக் கை தளர்ந்த இடத்தில், கிரீஸில் நடந்ததுபோல், தண்ணீர் நின்றது.

இன்றைக்கு ஐரோப்பாவிலே நிலக்கரியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. போலந்தின் சிலேசியாவிலே சுரங்கத் தொழிலாளிகள் நாளை என்ன என்று கேட்கிறார்கள். அவர்களைப் போன்ற வட்டாரங்களுக்கென்று 2021-இல் ஒரு புதிய நிதி அமைத்திருக்கிறார்கள். சுமார் 1,750 கோடி யூரோ. 1951-இல் கரிக்காரனுக்குக் கொடுத்த வாக்கு மறுபடியும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அது சிலேசியாக்காரன் வீட்டு அடுப்பை எரிய வைக்குமா, அல்லது பலகையிலே நட்சத்திரமாக மட்டும் நிற்குமா? அது பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் காகிதத்தைப் பொறுத்ததல்ல. முறை தவறினால் தட்டிக் கேட்கும் கைகளைப் பொறுத்தது.

எந்த நாடு எந்த நாட்டோடு சேர்ந்தாலும், எந்தச் சந்தை எந்தச் சந்தையோடு கலந்தாலும், உழைப்பாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தலைமடையிலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதல்ல கேள்வி. கடைமடைக்கு முறை எழுதியிருக்கிறதா? எழுதிய முறை நடக்கிறதா?